மூன்று பொட்டு வைத்த கந்தீல்

1

இந்தக் கதை ஒரு வாட்ஸ்அப் செய்தியிலிருந்து வந்தது. ஞாயிறு இணைப்பைப் பார்த்துக்கொள்ளும் உதவி ஆசிரியர் அனுப்பியிருந்தார்: "சார், தீபாவளி லீவுக்குச் சிறுவர் பக்கத்துல ஒரு கட்டுரை வேணும். குழந்தைகள் தாங்களே செய்யக்கூடிய எளிய கைவேலைகள் ஐந்து. எண்ணூறு வார்த்தை. கொஞ்சம் ஜாலியா இருக்கட்டும்."

முப்பது வருடம் நிருபராக இருந்தவனுக்கு இது பெரிய வேலை இல்லை. மாநகராட்சி பட்ஜெட்டையே எண்ணூறு வார்த்தையில் எழுதியவன் நான். செம்பூரில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முதல் கைவேலையைத் தொடங்கினேன்.

"காகித விளக்கு. தேவையானவை: ஒரு வண்ணத் தாள், கத்தரிக்கோல், பசை. தாளை நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். மடிப்புப் பக்கத்திலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு வெட்டாக வெட்டிக்கொண்டே போங்கள். எதிர் ஓரத்தைத் தொடாமல் நிறுத்துங்கள். தாளை விரித்துக் குழாய்போல் சுருட்டி ஒட்டுங்கள். பெரியவர்கள் உதவி தேவையில்லை. நீங்களே—"

அந்த 'நீங்களே'யில் நின்றுவிட்டேன். நான்கு நாள் முன்னால்தான் 'குழந்தை தானே செய்தது' என்று தலைப்பிட்ட ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தேன். பதினொரு வயதுப் பெண் ஒருத்தி தானே செய்த ஒரு பொருளை, அவள் செய்யவில்லை என்று சொல்லும் தாள் அது.

ஆகவே நீங்கள் படிக்கப்போவது ஐந்து கைவேலைகள் அல்ல. ஒன்றுதான். அதுவும் பாதியில் நிற்கிறது. ஜாலியாகவும் இருக்காது.

2

இதை எப்படித் தொடங்குவது என்று மூன்று தடவை பார்த்தேன்.

முதல் தொடக்கம்: "தாராவியின் குறுகிய சந்து ஒன்றில், சாக்கடை நாற்றத்துக்கு நடுவே, அந்தச் சிறுமியின் கண்களில் மட்டும் ஒளி—"

அடித்துவிட்டேன். இந்த மாதிரி வாக்கியங்களை எழுதித்தான் நான் சம்பளம் வாங்கினேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் வீட்டுச் சந்தில் சாக்கடைக்கு மேல் கல் பாவியிருக்கிறது. அவள் கண்ணில் நான் பார்த்தது ஒளி இல்லை. கோபம்.

இரண்டாவது தொடக்கம் கட்டுரை மாதிரி வந்தது: "தீபாவளிக்கு வாசலிலும் பால்கனியிலும் தொங்கவிடும் காகித விளக்குக்கூட்டுக்கு மராட்டியில் ஆகாச கந்தீல் என்று பெயர். பம்பாய்த் தமிழர்கள் ஆகாசத்தை விட்டுவிட்டுக் கந்தீலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மூங்கில் சிம்பில் கட்டிய கூடு, அதன்மேல் பட்டக் காகிதம், கீழே காகித வால்கள், உள்ளே ஒரு பல்பு—"

இதில் தவறு எதுவும் இல்லை. அதனால்தான் பிடிக்கவில்லை. தவறே இல்லாத ஒரு பத்திக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. (விவரம் தேவைப்படும் என்பதால் பத்தியை மட்டும் விட்டுவைக்கிறேன்.)

மூன்றாவது: "நடுவர்கள் மூன்று பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்."

இது பரவாயில்லை. 'உட்கார்ந்திருந்தார்கள்' என்பதை மட்டும் 'உட்கார்ந்திருந்தோம்' என்று மாற்ற வேண்டும்.

3

நடுவர்கள் மூன்று பேரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

இடம் மாட்டுங்கா கிழக்கில் ஒரு தமிழ் மன்றத்தின் மாடி ஹால். மன்றத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வருடா வருடம் தீபாவளி விடுமுறையில் சிறுவர்களுக்குக் கைவேலைப் போட்டி வைக்கிறார்கள். விதி ஒன்றே ஒன்று: பெரியவர் உதவியில்லாமல் குழந்தை தானே செய்திருக்க வேண்டும். இந்த வருடம் கந்தீல். மாட்டுங்கா, செம்பூர், சயான், கோபர்கைரனே வரையிலிருந்து இருபத்து மூன்று கந்தீல்கள் வந்திருந்தன. மன்றச் செயலாளர் அனந்தநாராயணன் ஒரு நடுவர். ஓய்வுபெற்ற டிராயிங் டீச்சர் விசாலம் ஒருவர். பத்திரிகைக்காரன் என்ற மரியாதைக்கு நான்.

நிருபனின் கண் எனக்கு உண்டு என்று நண்பர்கள் சொல்வார்கள். அந்தக் கண் அன்று பார்த்ததை எழுதுகிறேன். நான்காம் எண் கந்தீலின் பூவேலைப்பாடு மெஷினில் வெட்டியது. ஒன்பதாம் எண்ணுக்குள் நிறம் மாறும் பல்பு, அதற்கு ரிமோட். பன்னிரண்டாம் எண்ணின் அடியில் பாதி கிழித்த விலை ஸ்டிக்கர். ஆறாம் எண்ணோடு அதைச் செய்த பையனின் அம்மாவும் வந்திருந்தார். "கான்செப்ட் முழுக்க அவனோடதுதான் சார்," என்றார். பையன் ஜன்னல் வழியே ரயில் பார்த்துக்கொண்டிருந்தான்.

இவ்வளவையும் பார்த்தேன். பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டேன்.

பதினேழாம் எண் மட்டும் மூங்கில் சிம்பில் கட்டியிருந்தது. ஆரஞ்சும் பச்சையுமாகப் பட்டக் காகிதம். மூலைகளில் ஒரு சுருக்கம் இல்லை. கீழே தொங்கிய வால்கள் அளவு பார்த்த மாதிரி ஒரே நீளம். படிவத்தில் சங்கரேஸ்வரி, ஆறாம் வகுப்பு, மாட்டுங்கா லேபர் கேம்ப் என்று இருந்தது. தாராவிக்குள் இருக்கிற பகுதி அது.

"ரொம்ப நீட்டா இருக்கே," என்றார் அனந்தநாராயணன். இதுவரை அவர் யாரையும் நீட்டாக இருப்பதற்காகக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

விசாலம் டீச்சர் கந்தீலைத் தலைகீழாகக் கவிழ்த்து உள்ளே பார்த்தார். அடிச்சிம்பில் மெரூன் நிற நெயில் பாலிஷில் மூன்று பொட்டுகள் வரிசையாக இருந்தன.

"இதே மூணு பொட்டு என் ஆத்து பால்கனில தொங்கறதுலயும் இருக்கு," என்றார் டீச்சர். "போன வருஷம் ஸ்டேஷன் வாசல்ல வாங்கினேன். பல்பு மாத்தறச்சே பாத்திருக்கேன்."

"அப்போ கடைச் சரக்கு," என்றார் அனந்தநாராயணன். "தூக்கிடுவோம்."

தூக்கிவிட்டோம். 'குழந்தை தானே செய்தது' என்ற முடிவுத் தாளில் இரண்டு கையெழுத்துகளுக்குக் கீழே மூன்றாவதாக நான் போட்டேன். அந்தப் பெண் வெளி வராந்தாவில்தான் நின்றிருந்தாள். கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. [பிறகு போய் எண்ணிப் பார்த்தேன். மேசையிலிருந்து வராந்தாவுக்குப் பதினான்கு காலடி.]

முதல் பரிசு அத்வைத் என்ற பையனுக்கு. பதினொரு வயது. அவன் கந்தீல் ஒரு கிட்டிலிருந்து வந்தது. வெட்டிய அட்டைகளும் ஒட்டும் டேப்பும் டப்பாவிலேயே இருக்கும், எண் பார்த்துச் சேர்க்க வேண்டியதுதான். டப்பாவின் மேலே 'ஐந்து வயதுக்கு மேல். தானே செய்து மகிழலாம்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. தானே செய்ததற்கு அச்சிட்ட ஆதாரம் கிடைத்துவிட்டதால் அவனையும் நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

அன்று மாலையே பெயர்ப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். பதினேழாம் பெயருக்கு எதிரே சிவப்பு மையில்: கடைச் சரக்கு.

4

மூக்குக் கண்ணாடியை மறந்துவைத்துவிட்டு வந்ததால் மறுநாள் திங்கட்கிழமை ஹாலுக்குத் திரும்பப் போனேன். [மறக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதை இல்லை. ஐந்து கைவேலைகளையும் நேரத்தோடு அனுப்பியிருப்பேன்.]

கந்தீல்கள் கயிற்றில் வரிசையாகத் தொங்கின. அடுத்த ஞாயிறு பரிசளிப்பு வரை கண்காட்சி. பதினேழாம் எண்ணுக்கு நேர் கீழே, பள்ளி டி-ஷர்ட் போட்ட ஒரு சிறுமி, வாட்ச்மேன் பஞ்சுவிடம் தகராறு செய்துகொண்டிருந்தாள்.

"என்னோடதுதானே அங்கிள். கழட்டிக் குடுங்க. வீட்டுல தொங்கவிடணும்."

"சண்டேதாம்மா எடுக்கணும். ஆர்டர்."

"கடையில வாங்குனதுன்னு போட்டுட்டாங்கள்ல. அப்பறம் எதுக்கு உங்க எக்ஸிபிஷன்ல மாட்டி வச்சிருக்கீங்க?"

பஞ்சு என்னைக் கை காட்டினார். "சார்தான் ஜட்ஜி. அவர்ட்ட கேளு."

அவள் திரும்பிப் பார்த்தாள். அழுத முகம் இல்லை.

"நீங்கதான் எழுதுனீங்களா?"

"நாங்க மூணு பேரும்."

"எனக்குத் தமிழ் ஸ்லோவாத்தான் வரும். என் ஃபிரெண்டு சத்தமா வாசிச்சுச் சிரிச்சா. எல்லாரும் சிரிச்சாங்க. எந்தக் கடை?"

"என்னம்மா?"

"கடையில வாங்குனேன்னு எழுதியிருக்கீங்கள்லா. எந்தக் கடைன்னு சொல்லுங்க."

முப்பது வருடம் எத்தனையோ பேரிடம் கேள்வி கேட்டவன். மந்திரிகளை இழுத்து நிறுத்திக் கேட்டிருக்கிறேன். எந்த ஊர், எந்தத் தேதி, எந்தக் கடை என்று கேட்பதுதான் என் தொழில். அந்த ஒரு கேள்வியை நான் கேட்காமல் விட்டேன். ஒரு குழந்தை எனக்குக் கற்றுக்—

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். அவள் எனக்குப் பாடம் எடுக்க வரவில்லை. அந்த இரண்டு சிவப்பு வார்த்தைகள் எல்லோரும் கூடும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அழிய வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அழியாவிட்டால், பள்ளி திறந்த பிறகும் அவள் கடைச் சரக்குதான்.)

"உள்ள மூணு பொட்டு இருந்துதே," என்றேன்.

"ஆமா. நான்தான் வச்சேன்."

"எதுக்கு வச்சே?"

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். எதற்குப் பல் தேய்த்தாய் என்று கேட்டவனைப் பார்ப்பது மாதிரி.

"முடிச்சா வைக்கணும்ல?"

5

இங்கே கதை எழுதுகிறவனுக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். எனக்கும் வந்தது. சங்கரேஸ்வரி கெட்டிக்காரி, பேச்சில் பதற்றமில்லை. நன்றாகப் பொய் சொல்கிறவர்களுக்கும் பதற்றம் இருக்காது. ஒரு தகவலை இரண்டாவது ஆளிடம் உறுதி செய்யாமல் எழுதக் கூடாது என்பது நான் பழகிய தொழில் ஒழுக்கம்.

[அத்வைத் விஷயத்தில் இரண்டாவது ஆள் யார் என்று நான் தேடவில்லை. இதை அடிக்குறிப்பாகப் போடலாம் என்று பார்த்தேன். அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை. அதனால் இங்கேயே போடுகிறேன்.]

மறுநாள் அவளோடு லேபர் கேம்ப் போனேன். ஒற்றை அறை, மேலே பரண். பக்கெட்டில் மூங்கில் சிம்புகள் நனைந்துகொண்டிருந்தன. சுவர் ஓரமாக முப்பது நாற்பது கூடுகள் காகிதம் ஒட்டாமல் எலும்பாக நின்றன. அவளுடைய அம்மா அன்னத்தாய் தரையில் உட்கார்ந்து மைதாப்பசை கிண்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார், இந்தா இப்படி உக்காருங்க. சிம்பு குத்திரும், பாத்து." பிறகு மகள் பக்கம் திரும்பினார். "ஏட்டி, இவியளையா கூட்டிட்டு வந்த? நாந்தான் விட்டுருன்னு சொன்னேம்லா."

சீசனில் நாலு மாதம் கந்தீல் கட்டுகிறார்கள். ராஜபாண்டி என்ற கான்ட்ராக்டர் மூங்கிலும் காகிதமும் கொண்டுவந்து போட்டுவிட்டு, முடித்த கந்தீல்களை எடுத்துப் போகிறார். அந்தச் சந்தில் பதினோரு வீடுகளில் இதே வேலை. எல்லா வீட்டுச் சரக்கும் ஒரே டெம்போவில் போகும் என்பதால், வீட்டுக்கு ஓர் அடையாளம். பக்கத்து வீட்டு பேகத்துக்கு ஒரு பெருக்கல் குறி. எதிர் வீட்டுக்கு ஒரு வளையம். அன்னத்தாய்க்கு மூன்று பொட்டு. நெயில் பாலிஷ் ஏன் என்றால், மார்க்கர் மை பசை ஈரத்தில் கலைந்துபோகும்.

"யார் வீட்டு வேலைன்னு தெரியறதுக்கா?" என்று கேட்டேன்.

அன்னத்தாய் சிரித்தார். "நல்லா இருந்தா யாரு வீட்டு வேலைன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாவ சார். பிஞ்சு வந்தாத்தான் பொட்டைத் தேடுவாவ. 'இது அன்னத்தாய் கெட்டுனது, திருப்பிக் கொண்டுபோய்க் குடு'ன்னு. குத்தம் வீடு தேடி வரணும்லா, அதுக்குத்தான் பொட்டு."

"நீ எதுக்குட்டி உன்னோடதுல வச்ச?" என்று மகளிடம் கேட்டார். எனக்காகக் கேட்ட கேள்வி இல்லை, அவருக்கே அது ஆறவில்லை என்று தெரிந்தது. "பொட்டு வைக்காம இருந்திருந்தா ஒரு வம்பும் இல்ல."

"பொட்டு வைக்காட்டி முடிஞ்ச மாதிரியே இல்ல மம்மி. ராங்கா தெரிஞ்சுது."

அவ்வளவுதான் நடந்தது. அந்த வீட்டில் கந்தீல் என்றால் பொட்டோடுதான் முடியும். கடிதத்துக்குக் கீழே கையெழுத்துப் போடுவது மாதிரி, யோசிக்காமல் கை தானாகப் போய் வைத்தது. அதை நாங்கள் திருட்டுக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டோம். தன்னை யார் செய்தது என்று அந்த ஹாலில் எழுத்துப்பூர்வமாகச் சொன்ன கந்தீல் அது ஒன்றுதான். மற்ற இருபத்து இரண்டுக்குள்ளும் யாருடைய அடையாளமும் இல்லை.

"முழுக்க நீயேதான் பண்ணினியா?" என்று கேட்டேன். கேட்டே ஆக வேண்டும்.

"சிம்பு வளைச்சது, நூல் கட்டுனது, பேப்பர், பூரா நான். மம்மி அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாங்க. பேகம் ஆன்ட்டிகிட்ட கேளுங்க. அவங்க கத்தரிதான் வாங்குனேன், எங்க கத்தரி முனை மழுங்கிருச்சு."

பேகத்திடமும் கேட்டேன். "ஆமா தம்பி, கத்தரிய வாங்குன பிள்ள இன்னும் திருப்பித் தரல," என்றார். இரண்டாவது ஆள் கிடைத்துவிட்டார்.

"அம்மா வேலைக்கு உதவி செய்வியா?"

"பசை தடவுவேன். லீவுல."

[இந்த வரியை எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எடுத்தால் அவள் பக்கம் சுத்தமாகிவிடும், கதை சுலபமாகிவிடும். ஆனால் அவள் சொன்னாள். சொன்னதை விட்டுவிடுகிறேன்.]

அந்த வரியைக் கேட்டதும் அன்னத்தாய் பசைக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"சார், இதுதான் பயம். அவ செய்யலன்னா திருடி. செஞ்சான்னா, எப்பிடித் தெரியும்னு கேப்பாவ. பிள்ளைய வேலைக்கு வச்சிருக்கேன்னு சொல்லுவாவ. ராஜபாண்டி அண்ணாச்சி காதுக்குப் போச்சுன்னா இந்த வீட்டுக்குச் சரக்கே போட மாட்டாவ. நீங்களே சொல்லுங்க, எந்தப் பக்கம் நான் பேச?"

6

புதன்கிழமை மன்ற அலுவலகத்துக்குப் போனேன்.

அனந்தநாராயணனை வில்லனாக்கி ஒரு வரைவு எழுதினேன். காதில் முடி, கையில் வெற்றிலைப்பெட்டி எல்லாம் வைத்தேன். பிறகு கிழித்தேன். அவர் வெற்றிலை போடுவதில்லை. இருபத்து இரண்டு வருடமாகச் சம்பளமில்லாமல் அந்த ஹாலைத் திறந்து மூடுகிற மனிதர். கொரோனா சமயத்தில் லேபர் கேம்ப்புக்கு அரிசி மூட்டை ஏற்றி அனுப்பியவர். அவர் நல்லவராக இருப்பதுதான் என் ஆத்திரத்தை அதிகப்படுத்துகிறது. கெட்டவர் என்றால் திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"சரி, அந்தப் பொண்ணுதான் பண்ணினான்னே வெச்சுப்போம். அவளுக்கு எப்படித் தெரியும்? ஆத்துல அதே வேலை. அப்போ அது சைல்ட் லேபர்னா ஆயிடும்? மன்றம் சைல்ட் லேபருக்குப் பிரைஸ் குடுத்துதுன்னு நாளைக்கு எவனாவது ஃபேஸ்புக்ல போட்டா என்ன பண்றது?"

"அப்போ கடையில வாங்கினதாவே இருக்கட்டும்னு சொல்றீங்களா?"

"அது அவளுக்கே சேஃப், சார்."

"அத்வைத் பண்ணினான்னு எப்படித் தெரியும்?"

"ஃபோட்டோ இருக்கே. அவன் அம்மா அனுப்பியிருக்கா. கையில கத்தரிக்கோல் வெச்சுண்டு நிக்கறான், பாருங்கோ." போனை நீட்டினார். பையன் உண்மையாகவே கத்தரிக்கோலோடு நின்றான். பிளாஸ்டிக் கத்தரிக்கோல். கிட் டப்பாவில் வந்தது.

கொஞ்சம் கட்டுரை மாதிரி பேச அனுமதியுங்கள். பிள்ளைகளை வேலைக்கு வைப்பதை எதிர்த்து நான் எழுதியிருக்கிறேன். ஜரிகைப் பட்டறையில் ஒன்பது வயதில் கண் கெட்ட பையனை நேரில் பார்த்தவன். சட்டம் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அன்று அந்த அலுவலகத்தில் சட்டம் பேசப்பட்டது சங்கரேஸ்வரிக்காக இல்லை. அவள் பசை தடவுகிறாளே என்று யாருக்கும் கவலை வரவில்லை. விசாலம் டீச்சர் பால்கனியில் மூன்று பொட்டு ஒரு வருடமாகத் தொங்கியபோது, அதன் பசையை யார் தடவினார்கள் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. அவள் அந்த இரண்டு சிவப்பு வார்த்தைகளை அழிக்கச் சொன்ன பிறகுதான் சட்டம் ஞாபகம் வந்தது. அதே கத்தரிக்கோல். ஒரு வீட்டில் பிடித்தால் படைப்புத்திறன் என்கிறோம், போட்டோ எடுக்கிறோம். இன்னொரு வீட்டில் பிடித்தால் குற்றம் என்கிறோம். குற்றம் ஆகாமல் தப்பிக்க அந்தப் பிள்ளைக்கு ஒரே வழி, செய்யவில்லை என்று ஒத்துக்கொள்வது. அதற்குப் பெயர் சேஃப்.

அனந்தநாராயணன் கடைசியில் ஒரு வழி சொன்னார். "ஒண்ணு பண்ணலாம். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குப் பரிசளிப்பு. அவ வரட்டும். நம்ம முன்னாடி ஒரு ஓரமா உக்காந்து ஒரு கந்தீல் பண்ணிக் காட்டட்டும். பண்ணிட்டான்னா நானே அதை அழிச்சுடறேன். எப்படித் தெரியும்னும் கேக்கல. போறுமா?"

போதும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், வெற்றி பெற்றுவிட்டதாகவே நினைத்தேன். கதைக்கு முடிவு கிடைத்த சந்தோஷத்தில் லேபர் கேம்ப்புக்கு நடந்தே போனேன்.

7

சங்கரேஸ்வரி கூரைக் கம்பியில் காய்ந்த வால் காகிதங்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அன்னத்தாயின் முகம் தெளிந்தது.

"பொறவென்ன? அரை மணி நேர வேலை. போய்ச் செஞ்சு காட்டிட்டு வாட்டி."

அவள் அடுக்கி முடித்து, ரப்பர் பேண்டு போட்டாள்.

"மத்தவங்களும் செய்வாங்களா?"

"யாரு?"

"மத்த இருபத்திரண்டு பேரும். ஃபர்ஸ்ட் வந்த பையனும். அவங்களும் உக்காந்து செஞ்சு காட்டுவாங்களா?"

"அவங்க எதுக்கும்மா?" என்று கேட்டேன். கேட்டது நான்தான். தட்டச்சுப் பிழை இல்லை.

"நான் எதுக்கு?"

"அழிக்கணும்னுதானே நீ கேட்ட?"

"அழிக்கணும்தான். ஆனா நான் மட்டும் செஞ்சு காட்டுனா, அப்பவும் திருடி மாதிரிதானே இருக்கும் அங்கிள். எல்லாரும் சுத்தி நின்னு என் கையையே பாப்பாங்க. சர்க்கஸா?"

"ஏட்டி, பெரியவியகிட்ட இப்படியா பேசுவ," என்றார் அன்னத்தாய். ஆனால் குரலில் அதட்டல் இல்லை.

"நான் வருவேன் மம்மி. வரமாட்டேன்னு சொல்லல. வந்து உக்காருவேன். அவங்க கை வைக்கிற வரைக்கும் நான் கை வைக்க மாட்டேன்."

வெளியே வந்து அனந்தநாராயணனுக்குப் போன் செய்தேன். "எல்லாக் குழந்தைகளையுமா?" என்றார். "பேரன்ட்ஸ் என்ன நினைப்பா? அவாளை நாம நம்பலேன்னு ஆயிடாதோ? அது நன்னா இருக்காது சார்."

நம்பவில்லை என்று ஆகிவிடுவது நன்றாக இருக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அது யாருக்கெல்லாம் நன்றாக இருக்காது என்பதில்தான் கணக்கு உதைத்தது.

8

இன்று வெள்ளிக்கிழமை. ஞாயிறு இன்னும் வரவில்லை. ஆனாலும் முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. சங்கரேஸ்வரி மேடையில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் கந்தீல் கட்டுகிறாள். கைதட்டல். விசாலம் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். நன்றாக ஓடும் முடிவு. சிறுவர் பக்கத்துக்கும் ஒத்துவரும். வேண்டாம். வேறு யாருக்கும் வைக்காத பரீட்சையில் அவள் பாஸாகிவிட்டாள் என்று மகிழ்வது, அந்தப் பரீட்சையை நானும் வைப்பது ஆகும்.

இரண்டாவது முடிவு. இருபத்து மூன்று பேரும் உட்காருகிறார்கள். அத்வைத் சிம்பை வளைக்கத் தெரியாமல் ஒடிக்கிறான், பசையில் கையை விடுகிறான், அம்மாவைப் பார்க்கிறான். கூட்டம் சிரிக்கிறது. அரைப் பக்கம் எழுதினேன். எழுதும்போது சுகமாக இருந்தது. அப்புறம் படித்துப் பார்த்து அடித்துவிட்டேன். அவனுக்கும் பதினொரு வயதுதான். அவன் யாரையும் ஏமாற்றவில்லை. டப்பாவில் இருந்ததைச் சேர்த்தான், அம்மா நிற்கச் சொன்ன இடத்தில் நின்றான். சிரிப்பதற்கு ஒரு குழந்தை வேண்டும் என்றால், சங்கரேஸ்வரி என்ற பெயரைத்தான் மாற்றியிருக்கிறேன்.

மூன்றாவது முடிவு. நான் எழுந்து மைக்கைப் பிடித்து, எல்லோர் முன்னாலும் அந்தத் தாளைக் கிழிக்கிறேன். இதில் கதாநாயகன் யார் என்று உங்களுக்கே தெரியும். எனக்கு நானே போட்டுக்கொள்ளும் மாலை. வேண்டாம்.

நான்காவது முடிவு. ஒன்றும் நடப்பதில்லை. பரிசு கொடுக்கிறார்கள், சமோசா கொடுக்கிறார்கள். பஞ்சு ஏணி போட்டு ஏறிப் பதினேழாம் எண்ணைக் கழற்றிக் கொடுக்கிறார். அவள் அதை வாங்கிக்கொண்டு சயான் பக்கமாக நடந்து போகிறாள். நடக்க அதிக வாய்ப்புள்ளது இதுதான். அதனாலேயே இதை எழுத மறுக்கிறேன். எழுதிவிட்டால், முன்பே தெரிந்ததுதானே என்று ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சும்மா இருந்துவிடுவோம்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. நடந்த வரைக்கும் சொல்கிறேன். நேற்று மன்றத்துக்குக் கடிதம் கொடுத்தேன்: பதினேழாம் எண் பற்றி நான் விசாரிக்காமல் கையெழுத்திட்டேன், அது தவறு, என் கையெழுத்தை எடுத்துக்கொள்கிறேன், சிவப்பு மையில் எழுதியதை எந்த நிபந்தனையும் இல்லாமல் அழிக்க வேண்டும். வாங்கிக்கொண்டதாக முத்திரை போட்டுக் கொடுத்தார்கள். போர்டு இன்று காலை வரை அப்படியேதான் இருக்கிறது. இருபத்து மூன்று பேருக்கு வேண்டிய பட்டக் காகிதமும் நூலும் வாங்கி வைத்திருக்கிறேன். சிம்பு அன்னத்தாய் வீட்டில் நனைகிறது. ஞாயிறு ஒன்பதரைக்கு ஹாலில் பாய் விரித்து, இருபத்து மூன்று இடம் போட்டு வைப்பேன். பஞ்சு சாவி தருவதாகச் சொல்லியிருக்கிறார். கேட்டால் மறந்து திறந்துவிட்டேன் என்பாராம்.

ஒரு இடத்தில் அவள் உட்கார்ந்திருப்பாள், மடியில் கை வைத்துக்கொண்டு. மற்ற இருபத்து இரண்டும் காலியாக இருக்கும். பத்து மணிக்கு நீங்கள் படியேறி வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல உடுப்புப் போட்ட உங்கள் குழந்தை உங்கள் கையைப் பிடித்திருக்கிறது. அதன் கந்தீலும் அந்தக் கயிற்றில்தான் தொங்குகிறது. அதை யார் செய்தது என்பது உங்கள் இருவருக்கும் தெரியும். அந்தப் பெண் நிமிர்ந்து உங்கள் குழந்தையைப் பார்க்கிறாள்.

அதற்கு மேல் உங்கள் கையில்.

உதவி ஆசிரியருக்கு: முதல் கைவேலையைப் பாதியில் விட்டிருந்தேன். மீதியைக் கீழே தருகிறேன், அச்சிட முடிந்தால் அச்சிடுங்கள்.

"தாளை விரித்துக் குழாய்போல் சுருட்டி ஒட்டுங்கள். கடைசியாக, உள்பக்கம் யார் கண்ணிலும் சட்டென்று படாத இடத்தில் உங்கள் அடையாளத்தை வையுங்கள். விளக்கு நன்றாக இருந்தால் யாரும் அதைத் தேட மாட்டார்கள். பிய்ந்தால் அது உங்கள் வீட்டுக்கே திரும்பி வர வேண்டும்."

இந்தக் கதைக்கும் ஒன்று வைக்க வேண்டும். வைக்காவிட்டால் முடிந்த மாதிரி இருக்காது. மன்றத்தின் கோப்பில் 'குழந்தை தானே செய்தது' என்று தலைப்பிட்ட தாள் இருக்கிறது. அதில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது.